லாம்பாவில் என்னதான் இருக்கிறது?

பெரு நாட்டின் தெற்கு மலைப்பகுதியில் இருக்கும் லாம்பா என்ற சின்ன ஊரைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். டிட்டிகாக்கா ஏரிக்கு வடமேற்கே, ஹூலியாக்கா நகரத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். உயரம் ஏறத்தாழ 3,900 மீட்டர். ஊட்டியைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலே; லேயைவிடவும் உயரம். நானும் என் கணவரும் ஜூன் மாதத்தில் நான்கு இரவு அங்கே தங்கினோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதி ‘அங்கே என்ன இருக்கிறது?’ என்று கேட்கின்றன. மீதி ‘மூச்சு வாங்குமா?’ என்று கேட்கின்றன. கிடைத்த இடத்துக்குள் பதில் சொல்கிறேன்.

அவ்வளவு பணம் செலவழித்து பெரு வரை போயிருக்கிறீர்கள். மச்சு பிச்சுவை விட்டுவிட்டு யாரும் கேள்விப்படாத ஊரைப் பற்றி எழுதுகிறீர்களே டீச்சர், லாம்பாவில் என்னதான் இருக்கிறது?
— வாசகர், சிவகாசி

மச்சு பிச்சுவும் பார்த்தோம். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதனால் விட்டுவிட்டேன்.

லாம்பாவுக்கு ‘இளஞ்சிவப்பு ஊர்’ என்று பெயர். வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் செம்மண்ணும் ரோஜாவும் கலந்த மாதிரி ஒரு சாயம். பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் சுடாத மண்கல் தெரியும். ஊர் நடுவில் 17-ஆம் நூற்றாண்டில் கல்லால் கட்டிய பெரிய கிறிஸ்தவக் கோயில், சந்தியாகோ அப்போஸ்தலர் பெயரில். அதை ஒட்டி மைதானம், மரம், பெஞ்சு. அவ்வளவுதான் ஊர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒரு பகல் பார்த்துவிட்டுக் கிளம்புவதாகத்தான் திட்டம். தலைவலி எங்களை அந்த பெஞ்சில் உட்காரவைத்தது. இரண்டு நாள் உட்கார்ந்ததில் ஊரின் நடமாட்டம் பிடிபட்டது. காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பத்து மணிக்கு ஒரு பாட்டி, கயிற்றில் கட்டிய ஒற்றை ஆட்டோடு மைதானத்தைக் குறுக்கே கடப்பார். திரும்பும்போது ஆடு முன்னால், பாட்டி பின்னால். மத்தியானம் கடைகள் அடைத்துவிடும். பிறகு மூன்று மணி வரை நாய்கள் மட்டும். வெயிலில் உட்கார்ந்தால் குடை தேடும், நிழலுக்கு நகர்ந்தால் ஸ்வெட்டர் தேடும். ஒரே பெஞ்சில் இவர் ஒரு முனை, நான் ஒரு முனை. ஒருவருக்கு வேர்க்கும், இன்னொருவருக்கு நடுங்கும்.

இதைப் பார்க்க பெரு வரை போக வேண்டுமா என்றால், வேண்டாம். ஆனால் போயிருக்கிறீர்கள் என்றால், குஸ்கோ, பூனோ நகரங்களுக்கு நடுவே பஸ்ஸிலேயே தூங்கிக் கடந்துவிடாமல் இங்கே இறங்குங்கள் என்கிறேன்.

எனக்கு 58 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அவ்வளவு உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்கிறார்களே, தாங்குமா? நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?
— வாசகி, தேனி

முதலில் ஒரு திருத்தம், பழைய தொழில் விடாது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு சென்னையிலும் சுமார் 21 சதவீதம்தான், லாம்பாவிலும் 21தான். குறைவது காற்றின் அழுத்தம். 3,900 மீட்டரில் கடல் மட்டத்து அழுத்தத்தில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்றே கூடுதலாக இருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது.

இதையெல்லாம் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். அப்படிப்பட்டவளே தலைநகர் லிமாவிலிருந்து நேராக ஹூலியாக்காவுக்கு விமானம் ஏறினேன். ‘பஸ்ஸில் போனால் ஒரு நாள் வீண்’ என்றார் இவர், நானும் தலையாட்டினேன். கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய் இறங்கினோம். விமான நிலையத்தில் ஒன்றுமில்லை. ‘பார்த்தாயா, சும்மா பயமுறுத்துகிறார்கள்’ என்று பெட்டியை அவரே தூக்கினார். சாயங்காலம் ஆறு மணிக்கு லாம்பா விடுதியில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்தவர்தான். எனக்கு வாந்தி. பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிக் கிடந்தது. அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட முடியவில்லை.

ராத்திரிதான் பயந்துபோனேன். இவருடைய மூச்சு நின்று நின்று வந்தது. இருட்டில் எண்ணிக்கொண்டு கிடந்தேன்: ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு வரை எதுவுமில்லை, பிறகு ஒரு பெரிய மூச்சு, தொடர்ந்து நாலைந்து வேக மூச்சு, மறுபடி எட்டு. உயரத்தில் தூங்கும்போது இப்படி நேர்வது சகஜம் என்று பிற்பாடு மருத்துவர் சொன்னார். அன்றைக்கு யார் சொல்ல?

நாங்கள் செய்த தப்பைச் செய்யாதீர்கள். லிமாவிலிருந்து முதலில் அரெக்கிப்பாவுக்குப் போங்கள். அது 2,300 மீட்டர் சொச்சம், ஊட்டி உயரம். இரண்டு மூன்று இரவு தங்குங்கள், நல்ல ஊர். பிறகு பகல் பஸ்ஸில் ஹூலியாக்கா. வழியில் 4,400 மீட்டரைத் தாண்டி ஏறி இறங்கும். அங்கே இறங்கிப் படம் எடுக்க ஓடாதீர்கள். வந்து சேர்ந்த நாளில் ஒன்றும் செய்யாதீர்கள். அரை வயிறு சாப்பாடு, நிறைய தண்ணீர், மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம்.

அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. நம்மூர்க் கடையில் டயமாக்ஸ் என்று கேட்டால் தெரியும். ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாமல் போகலாம், நீங்களோ ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர். அதனால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். பயணத்துக்கே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தலைவலி, குமட்டல் என்றால் அதே உயரத்தில் ஓய்வு எடுக்கலாம். ஆனால் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும், அப்போதே மருத்துவமனை.

எங்களுக்கு மூன்றாம் நாள் காலையில் தலை தெளிந்தது.

கோகா இலை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்களே?
— வாசகர், ஆவடி

எல்லாம் சரியாகாது. விடுதிக்கார அம்மா முதல் ராத்திரி வெந்நீரில் ஒரு பிடி கோகா இலையைப் போட்டுக் கொடுத்தார். காய்ந்த கொய்யா இலை வாசனை. குடிக்க இதமாக இருந்தது, தலைவலி அப்படியேதான் இருந்தது. மறுநாள் முன்யா என்ற மலைப்புதினா போட்ட கஷாயம். வயிற்றுக்கு அது மேல்.

ஆனால் அங்கத்து ஆட்கள் இலையை மெல்லும் விதம் பார்க்க வேண்டியது. வெறும் இலையை மெல்வதில்லை. கினுவா என்ற தானியத்தின் தட்டையைச் சுட்ட சாம்பலை உருட்டிக் காயவைத்த கரிய கட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள், பெயர் யிப்தா. அதைத் துளி கிள்ளி இலையோடு சேர்த்து கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறார்கள். என் பாட்டி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார், அமிலத்துக்கு எதிரான அதே காரச் சங்கதிதான். இலையைக் கொடுப்பதும் வாங்குவதும் அங்கே மரியாதை. இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெருவில் இது சட்டப்படி சரி. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கோகா இலையும் அடங்கும். தேநீர்ப் பொட்டலமாக இருந்தாலும் பெட்டியில் வைத்துக்கொண்டு வராதீர்கள். வேலையில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யும் இடத்தில் இருப்பவர்கள் அங்கேயும் குடிக்காமல் இருப்பதே நல்லது, கொக்கெய்ன் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கோயிலுக்குள் எலும்புக்கூடுகள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். விவரமாகச் சொல்லக்கூடாதா?
— வாசகி, கும்பகோணம்

சின்னப் பிள்ளைகள் படிப்பார்களே என்று விட்டேன். சரி, சொல்கிறேன்.

இந்த ஊரில் பிறந்து பொறியாளராகி, அரசியலிலும் பெரிய இடத்துக்கு வந்தவர் என்ரிக்கே தோரெஸ் பெலோன். தனக்கான கல்லறையைச் சொந்த ஊர்க் கோயிலுக்குள்ளேயே கட்டிக்கொண்டார். வழிகாட்டி சாவி போட்டுத் திறந்தார். உள்ளே வட்டமான ஒரு கிணறு. நம்மூர் உறைகிணறு மாதிரி ஆழமாக இறங்குகிறது. உறைக்குப் பதில் சுவர் முழுக்க மண்டையோடுகள், நடுநடுவே முழு எலும்புக்கூடுகள். கோயிலின் நிலவறைகளில் புதைந்திருந்தவர்களின் எலும்புகளை எடுத்து இப்படி அடுக்கியிருக்கிறார்கள். தலைக்கு மேலே, விதானத்திலிருந்து விழும் வெளிச்சத்தில், மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா சிலையின் நகல்: மடியில் இறந்த மகன், குனிந்த தாய். வத்திக்கானில் இருப்பது பளிங்கு, இது அலுமினியம்.

என் கணவர் ஒரு நிமிடத்தில் வெளியே போய்விட்டார். நான் நின்றேன். ஒரு மண்டையோட்டில் கடைவாய்ப்பல் ஒன்று தேயாமல் வெள்ளையாக இருந்தது, இளவயது ஆளாக இருக்கும். அதற்கப்புறம் மற்றவற்றைப் பார்க்க முடியவில்லை. அந்த எலும்புகளையெல்லாம் யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. செத்தும் ஒருவருடைய கல்லறைக்கு அலங்காரமாக நிற்க வேண்டுமா?

சிலைக்கு ஒரு ஊர்க்கதை உண்டு. ரோமிலிருந்து வந்தது சுதை நகலாம். அதிலிருந்து அலுமினியச் சிலை வார்த்ததும் சுதையை உடைத்துவிட வேண்டும் என்பது நிபந்தனையாம். உடைக்க மனம் வரவில்லையாம். உடைக்காத அந்த வெள்ளைச் சிலை நகராட்சிக் கட்டடத்தில் இருக்கிறது, போய்ப் பார்த்தோம். 1972-இல் வத்திக்கானில் ஒருவன் அசல் சிலையைச் சுத்தியலால் அடித்து மூக்கை உடைத்தானே, அப்போது பழுதுபார்க்க இதைத்தான் அளவு பார்த்தார்கள் என்று லாம்பாக்காரர்கள் சாதிக்கிறார்கள். அடித்தது உண்மை, அளவு பார்த்ததை அவர்கள் பொறுப்பில் விடுகிறேன்.

ஸ்பானிஷ் தெரியாமல், ஆங்கிலமும் அரைகுறையாக இருந்தால் அந்த ஊரில் பேச முடியுமா?
— வாசகர், திண்டுக்கல்

ஆங்கிலம் முழுசாக இருந்தாலும் லாம்பாவில் பயனில்லை, கவலைப்படாதீர்கள். கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலி, முன்கூட்டியே ஸ்பானிஷை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெரியவர்கள் வீட்டில் பேசுவது கெச்சுவா. விடுதிக்கார அம்மாவின் அண்ணன் மகள் பள்ளி ஆசிரியை. மூன்றாம் நாள் மாலை அடுப்படியில் அவளும் நானும் செயலியை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். நமக்கு நாம், நாங்கள் என்று இரண்டு இருக்கிறதல்லவா? இந்தியில் இல்லை, ஆங்கிலத்தில் இல்லை, ஸ்பானிஷில் இல்லை. கெச்சுவாவில் இருக்கிறது. ‘ஞொக்காஞ்சிஸ்’ என்றால் கேட்பவரையும் சேர்த்து நாம். ‘ஞொக்காய்க்கு’ என்றால் உங்களை விட்டுவிட்டு நாங்கள். நான் நோட்டில் எழுதிக் காட்டியதும் அவள் மேஜையைத் தட்டினாள். ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கி அலுத்துப்போனவளாம்.

வினை கடைசியில் வரும், விகுதி மேல் விகுதி ஒட்டும், அதெல்லாம் நம்மைப் போலவே. ‘ஞௌப்பா’ என்றால் முன்னால், அதுவே பழைய காலம். ‘கிப்பா’ என்றால் பின்னால், அதுவே பிற்பாடு. நம் முன்பு, பின்பு! இன்னொன்று: தான் பார்க்காத செய்தியைச் சொல்லும்போது வார்த்தையோடு ‘சி’ என்று ஒட்டுகிறார்கள். மேலே சிலைக் கதையில் நான் வரிக்கு வரி ‘ஆம்’ போட்டேனே, அதே வேலை. உடனே யாராவது கெச்சுவா தமிழிலிருந்து போனது என்று எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். உலகத்தில் இரண்டு குடும்பம் ஒரே மாதிரி வீடு கட்டிக்கொள்வதில்லையா? அந்த மாதிரி.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பட்டினிதானா?
— வாசகி, மயிலாடுதுறை

உருளைக்கிழங்கு பிறந்த மண்ணுக்குப் போய்ப் பட்டினியா? ‘சின் கார்னே’, இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும்; கோழியை அவர்கள் கார்னே கணக்கில் சேர்ப்பதில்லை. கோழி, மீன், முட்டை என்று ஒவ்வொன்றாக வேண்டாம் சொல்லுங்கள். கினுவா சூப் சைவம் மாதிரி இருக்கும், அடியில் ஆட்டெலும்பு கிடக்கும். கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் ரொட்டி, உப்புப்போட்ட வெள்ளைப் பாலாடைக்கட்டி, சூடான கினுவாக் கஞ்சி. பகலில் தோலோடு வேகவைத்த கிழங்கு: மஞ்சள், ஊதா, உள்ளே மாவாக உதிர்வது, விரல் மாதிரி நீண்டது. தொட்டுக்கொள்ள ‘உச்சுகுட்டா’. உச்சு என்றால் மிளகாய், குட்டா என்றால் அரைத்தது. அரைக்கிற கல்லைப் பார்த்து நின்றுவிட்டேன். தட்டையான கல்லின் மேல் பிறைவடிவக் கல் ஒன்று, இரண்டு பக்கமும் பிடித்துத் தொட்டில் மாதிரி ஆட்ட வேண்டும். குழவியை உருட்டிப் பழகிய எனக்கு ஆட்ட வரவில்லை. ரொக்கோட்டோ மிளகாய் பார்க்கக் குடைமிளகாய், விதை கறுப்பு. நம்பி ஒரு துண்டைக் கடித்தவர் யார் என்று சொல்ல மாட்டேன், அவர் இந்தப் பத்தியைப் படிப்பார்.

சோறு கிடைக்கும். தண்ணீர் அங்கே 87 டிகிரிக்கே கொதித்துவிடுவதால் திறந்த பானையில் பருப்போ கிழங்கோ வேக நேரமாகும். எல்லா வீட்டிலும் குக்கர். முதல் நாள் தலைவலியோடு படுத்திருந்தபோது பக்கத்து அறையில் குக்கர் சீறிய சத்தம், அரை மயக்கத்தில் எங்கள் விருதுநகர் வீடு என்றே நினைத்தேன்.

சுன்யோ பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜூன், ஜூலை மாதங்களில் ராத்திரி உறைபனி விழும். கசப்பு ரகச் சின்னக் கிழங்குகளை ஊருக்கு வெளியே புல்தரையில் பரப்பிவிடுகிறார்கள். ராத்திரியில் கல்லாக உறையும், பகல் வெயிலில் இளகும். சில நாள் கழித்துக் காலையில் வெறுங்காலோடு மிதிக்கிறார்கள். நாங்கள் போனபோது இரண்டு பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு குவியலின் மேல் நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மிதிக்கும் சளக் என்று தண்ணீர் வெளியேறியது, தோல் கழன்று விரலிடுக்கில் ஒட்டியது. அந்தப் பனிக்கிழங்கின் மேல் வெறுங்கால்! எனக்கு இரண்டு ஜோடி காலுறைக்குள்ளேயே விறைத்தது. கடைசியில் காயவைத்தால் கறுத்து, சுருங்கி, கூழாங்கல் மாதிரி ஆகிறது, வருடக்கணக்கில் கெடாது. நாம் வற்றல் போட வெயில் மட்டும் போதும், இவர்களுக்குப் பனியும் வெயிலும் முறைபோட்டு வேலை செய்ய வேண்டும். ருசி? நனைந்த தக்கையை மென்றது போல இருந்தது. உச்சுகுட்டாவோடு இரண்டு சாப்பிட்டேன், மரியாதைக்கு.

விசா, தடுப்பூசி விவரம் தேவை.
— வாசகர், சேலம்

இந்தியர்களுக்கு பெரு விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா அல்லது ஐரோப்பாவின் ஷெங்கன் விசா கையில் இருந்து, அது குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியானால் தனி விசா தேவையில்லை. மகள் அமெரிக்காவில் இருப்பதால் எங்களிடம் அது இருந்தது. கிளம்பும் முன் தூதரக விதியை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பலரும் மறப்பது மஞ்சள் காய்ச்சல் ஊசி. மலையில் அந்தக் கொசு இல்லை, இருந்தாலும் பெருவிலிருந்து இந்தியா திரும்பும்போது நம் ஆட்கள்தான் ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஊசிக்கு முன்பு மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

பணத்தை ஹூலியாக்காவிலேயே எடுத்து, சின்ன நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். அந்த நகரத்தில் இருட்டியபின் சுற்ற வேண்டாம். லாம்பாவுக்கு வேன்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. ஆள் நிறைந்தால்தான் கிளம்பும்.

உங்கள் படத்தில் பின்னால் ஒரு முள் உருண்டை நிற்கிறதே, அது என்ன மரம்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, நத்தம்

கண் நல்ல கண்! அது மரமில்லை, புயா ரைமொண்டி. நம்ப மாட்டாய், அன்னாசிப்பழத்தின் குடும்பம். லாம்பா பக்கத்து மலைச்சரிவில் கூட்டமாக நிற்கின்றன. பல பத்து வருடம் இப்படி முள்ளுருண்டையாகவே நிற்கும். பிறகு ஒரே ஒரு தடவை பத்து மீட்டர் உயரம் வரைகூடத் தண்டு எழுப்பி, ஆயிரக்கணக்கில் பூத்து, விதை விட்டு, செத்துப்போகும். நம் குறிஞ்சியும் பூத்தபின் சாகிற செடிதான், ஆனால் பன்னிரண்டு வருடத்தில் முடித்துக்கொள்கிறது. நான் போனபோது ஒன்றும் பூக்கவில்லை. பூத்துக் காய்ந்த ஒரு தண்டு மட்டும் கருகின மின்கம்பம் போல நின்றது. அதில் ஒரு குருவி.

சார் இப்போது எப்படி இருக்கிறார்? அடுத்து எந்த ஊர்?
— வாசகி, அருப்புக்கோட்டை

நலம். ஏற்காடு போகலாம் என்கிறார். எவ்வளவு உயரம் என்று அவரே முதலில் பார்த்து வைத்திருக்கிறார்: 1,500 மீட்டர். பஸ்ஸில்தான் போக வேண்டுமாம், இருபது கொண்டை ஊசி வளைவையும் மெதுவாக.